மிஹோ என்றொரு சொல்

அத்தியாயம் 14

கொடியில் காயப்போட்ட துணியை எடுக்காமலே ஒராலியா வந்துவிட்டாள்.

கணவன் ரமீரோவின் இரண்டு சட்டைகள், ஒரு பூப்போட்ட போர்வை. அமெரிக்க எல்லை ஊரான எல் பாஸோவில் அவள் வீட்டுக் கொல்லையில் அவை இன்னும் ஆடிக்கொண்டிருக்கும். இந்த ஐந்து நாளில் வெயில் பட்டு, பனி பட்டு, மொடமொடவென்று ஆகியிருக்கும். ராத்திரி கண்ணை மூடினால் அந்தப் போர்வைதான் வருகிறது. கொடியை விட்டு எழும்பி, ஆற்றைத் தாண்டி, அவளைத் தேடிக்கொண்டு மெல்ல மெல்லப் பறந்து வருகிறது.

திங்கட்கிழமை பாலம் தாண்டி மெக்சிகோ பக்கத்து ஹுவாரெஸுக்கு வந்தபோது, அமெரிக்கத் தூதரக விசா நேர்காணலை முடித்துவிட்டு வார முடிவில் வீடு திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். நினைக்கக் காரணமும் இருந்தது. கையில் மன்னிப்பு இருந்தது.

அமெரிக்காவில் குடியேற்றத் தாளில்லாமல் இருந்தவர் வெளியே காலை எடுத்து வைத்தால் பத்து வருஷம் உள்ளே வரக்கூடாது என்பது தண்டனை. அவளைப் பிரிந்தால் அந்நாட்டுக் குடிமகனான கணவன் தாங்கமாட்டான் என்று காட்டினால் மன்னிப்பு. சட்டப் புத்தகத்தில் இதற்கு விலக்கு என்று பெயராம். ஹுவாரெஸ் சந்தையில் மிளகாய் விற்கிறவளைக் கேட்டால்கூட மன்னிப்பு என்றுதான் சொல்வாள். 'உனக்கு மன்னிப்பு வந்துடுச்சா?' என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி விசாரிக்கிற ஊர் அது.

போன வாரம் நாம் விட்டுவிட்டு வந்தது கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் நின்ற ஒராலியாவை. உள்ளேயிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்.

"அன்னைக்கு எல்லை தாண்டினப்போ கூட யார் வந்தாங்க?"

"என் தம்பி. ரெண்டு வயசு. முதுகுல கட்டித் தூக்கிட்டு வந்தேன்."

அவள் அதைக் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்த அவர் கை நின்றுவிட்டது. அவள் பெருமை என்று நினைத்ததற்குச் சட்டத்தில் ஆள் கடத்தல் என்று பெயர்.

அன்றிலிருந்து மேற்குக் குன்றின்மேல் இருக்கும் மாமியார் எல்விராவின் வீட்டில்தான் இருக்கிறாள். அந்த வீட்டு மொட்டைமாடியில் ஏறி நின்றால் கீழே ஆறு தெரியும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேலி, வேலிக்குப் பின்னால் எல் பாஸோ, அதற்கும் பின்னால் மலை. மலையின் வளைவுச் சாலையிலிருந்து தினமும் மாலையில் அந்தத் தம்பி அபேல் ஒரு கண்ணாடியை வெயிலில் திருப்பி மின்னவைப்பான். இவள் ரொட்டி சுடும் தகரத் தட்டைத் திருப்பிப் பதில் சொல்வாள். தாளில்லாத அபேல் பாலம் தாண்டி வரமுடியாது. வந்தால் அக்காவின் கதைதான் அவனுக்கும்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே காற்று எழுந்துவிட்டது. பாலைவனத்தை அள்ளி ஊர்மேல் கொட்டுவதைத் தவிர ஹுவாரெஸின் மார்ச் மாதக் காற்றுக்கு வேறு வேலை கிடையாது. வானம் மஞ்சளாகி, ஊர் முழுக்க ஏதோ பழைய புகைப்படத்துக்குள் போய்விட்டது போல் இருந்தது.

ராத்திரி இங்கே வந்து தங்கியிருந்த ரமீரோ, பாலம் தாண்டி எல் பாஸோ வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் வக்கீல் பெத்ராசாவின் போன் வந்தது. அவன் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தான்.

"ரெண்டு பேரும் கேளுங்க," என்றாள் வக்கீல். "புதுசா ஒரு காரணம் முளைச்சதும் பழைய மன்னிப்பு தானா ரத்தாயிடும். அதைத் திரும்பப் போட்டுக்கலாம், அது பெரிசில்ல. பிரச்சினை, ஆளைக் கூட்டிட்டு வந்தது."

"ஆளா?" ரமீரோ சிரித்துவிட்டான். "ரெண்டு வயசு மேடம். டயப்பர் கட்டியிருந்தான்."

"சட்டத்துக்கு வயசு தெரியாது ரமீரோ, உறவுதான் தெரியும். கூட்டிட்டு வந்தது கட்டினவங்களையோ, பெத்தவங்களையோ, பெத்த பிள்ளையையோன்னா மன்னிப்பு கேக்கலாம். தம்பின்னா கேக்கறதுக்கே வழியில்ல."

"எத்தனை வருஷத்துக்கு?"

"இதுக்கு வருஷக் கணக்கு கெடையாதுப்பா. ஆயுசுக்கும்."

அடுப்புப் பக்கம் எல்விரா தோர்த்தியா ரொட்டியைக் கல்லில் திருப்பிப் போடும் சத்தம் கேட்டது.

வக்கீலுக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "அவ வயித்துல பொறந்த பிள்ளையா இருந்திருந்தா, இன்னைக்கே மனு எழுத உக்காந்திருப்பேன்," என்றாள்.

ஒராலியா போனை நோக்கிக் குனிந்தாள்.

"மகன்னு சொன்னா..." அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "மகன்னு சொன்னா, எப்படி நம்புவாங்க?"

வக்கீல்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை.

"எச்சில் எடுத்து டி.என்.ஏ. பரிசோதனை. ரெண்டு பேரோடதும் வேணும். பையன் முழு மனசோட சம்மதிக்கணும். அவன் பேரும் விலாசமும் சர்க்கார் கோப்புல ஏறும், அதையும் அவன் யோசிச்சுக்கணும். ஏம்மா கேக்குற?"

"சும்மாதான்."

ரமீரோ மனைவியைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையை ஆட்டினான். "பாவம், என்னென்னவோ யோசிக்கிறா. பொய் சொல்லி மாட்டிக்காதே ஒரா." பிறகு எழுந்து தொப்பியைத் தட்டி மாட்டிக்கொண்டான். "நான் இங்கேயே வந்துடறேன். கூரை இருக்கிற ஊர்ல எல்லாம் ஏர் கூலர் மாட்டற வேலையும் இருக்கும். அபேல் அந்த வீட்டைப் பாத்துக்கட்டும்."

"இங்க குடுக்கற கூலிக்கு நீ பட்டினிதான் கெடக்கணும்," என்றாள் ஒராலியா.

"அம்மா தோர்த்தியா இருக்கே."

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் வாசலில் இறங்கும்போது கதவு நிலையைக் கையால் தடவிவிட்டுப் போனான். அவன் அப்படிச் செய்து அவள் பார்த்ததில்லை.

*

பதிமூன்று வாரமாக ஒராலியா உங்களிடம்கூட இதைச் சொல்லவில்லை. அபேல் அவள் பெற்ற பிள்ளைதான்.

அவள் பிறந்த கலேயானாவில் மிளகாய் பறிக்க வந்த ஒருவன், அறுவடை முடிந்ததும் லாரி ஏறிப் போய்விட்டான். கெட்டவன் இல்லை, இருக்கத் தெரியாதவன். அவளுக்கு அப்போது பதினேழு வயது. அவள் அம்மா குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய், தன் கடைசிப் பிள்ளை என்று பதிவு செய்துவிட்டு வந்தாள். அந்தப் பக்கத்தில் இதற்கெல்லாம் யாரும் புருவத்தை உயர்த்துவதில்லை. பெண்ணின் பெயரும் கெடாது, குழந்தைக்கு ஒரு அப்பா பெயரும் கிடைத்துவிடும்.

"இவன் உனக்குத் தம்பி," என்றாள் அம்மா. "வாய் தவறியும் வேற பேர் சொல்லிடாதே."

அவள் சொல்லவில்லை. பால் கட்டி மார்பு வலித்தபோதும் சொல்லவில்லை. அம்மா இறந்து, பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு பாலைவனத்தில் நடந்தபோதுதான் முதல்முதலாக அந்தச் சொல் வெளியே வந்தது. குழந்தை சிணுங்கினால் எல்லோரும் மாட்டிக்கொள்வோம் என்று வழிகாட்டி மிரட்டியிருந்தான். அவள் தலையைத் திருப்பித் திருப்பி, தோள்மேல் கிடந்த அந்தச் சின்னக் காதில், "மிஹோ... மிஹோ..." என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். மகனே, மகனே. நிலா வெளிச்சத்தில் மணல் பால்போலக் கிடந்தது. வழி முடியாமலே இருந்தால் நன்றாயிருக்கும் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

அக்கரை வந்தபின் ஒரு வேடிக்கையைக் கண்டுகொண்டாள். அங்கே யாரும் யாரையும் மிஹோ என்றுதான் கூப்பிடுகிறார்கள். கடைக்காரன் கூப்பிடுகிறான், பஸ் ஓட்டுகிறவன் கூப்பிடுகிறான், பல் வைத்தியர் கூப்பிடுகிறார். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தேய்ந்தே போய்விட்டது. ஊரே வாரி இறைக்கிற சொல்லுக்குள் அவள் தன் ரகசியத்தைப் போட்டு வைத்தாள். தாளில் தம்பி, வாயில் மிஹோ. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அப்புறம் ஏன் சொல்லவில்லை? பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தாளில் இருப்பதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. ரமீரோ வந்தபோது, கல்யாணம் முடியட்டும் என்றிருந்தாள். கல்யாணம் முடிந்தபின் எந்த நாளும் அதற்கேற்ற நாளாக இல்லை. பயந்தாள், அவ்வளவுதான்.

*

"நிக்காதே. உக்காந்து சாப்பிடு மிஹா," என்றாள் எல்விரா. பெண்ணைக் கூப்பிட்டால் மிஹோ மிஹா ஆகிவிடும்.

தட்டில் அவரை மசியலும் சிவப்பு மிளகாய்க் குழம்பும் வைத்தாள். ஒராலியா தோர்த்தியாவைக் கிழித்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். வெளியே காற்றில் யார் வீட்டுத் தகரமோ அடித்துக்கொண்டே இருந்தது.

எல்விராவுக்கு மருமகளைக் குத்திக்காட்டாமல் ஒரு வேளை சோறு இறங்காது என்பது உங்களுக்குத் தெரியும். உப்பு கூட, உறக்கம் கூட, கல்யாண கவுனில் ஜிகினா கூட. ஆனால் அன்று அவள் முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"வெளிய கெடக்கே ஒரு சொறிநாய், அதை நான் என்னன்னு கூப்பிடுவேன்?"

"மிஹோன்னு."

"கேஸ் கொண்டார பையனை?"

"மிஹோன்னுதான். எதுக்கு அத்தை?"

"நீ என்னன்னு கூப்பிடுவே?"

ஒராலியா யோசித்தாள். "அவன் பேரு தெரியாது. தம்பின்னு ஏதாவது..."

"என் மக பிள்ளையைப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவே. பக்கத்து வீட்டுக் குட்டிங்களைப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவே. நானும் இத்தனை வருஷமாப் பாலம் தாண்டி வந்து பாக்குறேன், இந்த உலகத்துல நீ மிஹோன்னு கூப்பிடறது ஒருத்தனை மட்டும்தான்."

தோர்த்தியா கையிலிருந்து நழுவித் தட்டில் விழுந்தது.

"உன் கல்யாணத்தன்னைக்கு அவன் படியில தடுக்கி விழுந்தான்ல, முட்டி பேந்து. மிஹோன்னு ஒரு கத்து கத்தினே. அது தொண்டையிலேர்ந்து வந்த சத்தம் இல்லடி. நானும் நாலு பெத்தவ."

"அப்போலேர்ந்தா தெரியும்?" ஒராலியா நிமிர்ந்து பார்த்தாள். "ரமீரோகிட்ட ஏன் சொல்லல?"

"என் பையன் சந்தோஷமா இருந்தான். சந்தோஷமா இருக்கறவனைத் தட்டி எழுப்பிச் சேதி சொல்ற வழக்கம் எனக்கில்ல." எல்விரா மேஜையில் இல்லாத துணுக்கைத் துடைத்தாள். "மத்தபடி உன்மேல கோபம் இல்லேன்னு நெனச்சுக்காதே. நெறைய இருக்கு. அதை நீ வீட்டுக்குப் போன அப்புறம் போன்ல திட்டிக்கறேன்."

ஒராலியா அழுதாள். இத்தனை வருஷத்தில் மாமியார் முன்னால் அழுதது அதுதான் முதல் தடவை. எல்விரா எழுந்து வந்து அவள் தலையைத் தன் ஏப்ரனில் சாய்த்துக்கொண்டாள். ஏப்ரனில் சுட்ட மாவு வாசனை அடித்தது.

"யார்கிட்ட மொதல்ல சொல்லப்போறே?"

"அபேல்கிட்ட. அவன் எச்சில் குடுக்க மாட்டேன்னா, சொல்லி என்ன ஆகப்போகுது? அப்போ ரமீரோவுக்குத் தெரியவே வேணாம்."

"அவன் குடுக்கலேன்னா நீ இங்கயேதான்."

"தெரியும். ஆனா அவனைக் கெஞ்ச மாட்டேன் அத்தை. நான் வீட்டுக்குப் போறதுக்காக அவனை மகன்னு சொல்றேன்னு அவனுக்குத் தோணிடக்கூடாது."

எல்விரா பெருமூச்சு விட்டாள். "தோணத்தான் செய்யும் மிஹா. அதுக்கும் சேத்துதான் சொல்லணும்."

*

மாலையில் மொட்டைமாடிக்கு ஏறியபோது எல் பாஸோவைக் காணோம்.

ஆறு இல்லை, வேலி இல்லை, மலை இல்லை. ஒரே மஞ்சள் புழுதி. தண்ணீர்த் தொட்டியின் மறைவில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது. இப்படியே எழுந்து நடந்தால், இந்தப் புழுதிக்குள் ஒரு பாதை இருக்கும் என்று தோன்றியது. அது நேராகக் கொல்லைக் கொடிக்குப் போய்ச் சேரும். போர்வையை எடுத்து உதறி மடித்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்கலாம்.

போன் அடித்தது.

"அக்கா! இன்னைக்கு ஒண்ணுமே தெரியல. கண்ணாடியைக் காட்டினா என் மூஞ்சிதான் தெரியுது, பயமா இருக்கு."

அபேலின் குரலுக்குப் பின்னால் வண்டியின் எஞ்சின் முனகிக்கொண்டிருந்தது. ரமீரோவின் பழைய வேலை வண்டி. அதை மலைமேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறான்.

"சாப்பிட்டியா?"

"நாலு பர்ரீட்டோ. மச்சான் காசுல."

"கொடித் துணி?"

"துணியா?" கொஞ்சம் திணறினான். "அது... அங்கதான் இருக்கு. எடுத்தா நீ வர மாட்டேன்னு ஏதோ ஒரு இது. எடுக்கல."

ஒராலியா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்லப் போவதில்லை.

"மிஹோ."

"சொல்லு."

"உன்ன நான் ஏன் அப்படிக் கூப்பிடறேன் தெரியுமா?"

"இது என்ன கேள்வி? எல்லாரும்தான் கூப்பிடறாங்க. பெட்ரோல் போடறவன்கூடக் கூப்பிடறான். எல்விராம்மா அந்தச் சொறிநாயையே கூப்பிடறது போன்லயே கேக்குது."

"அவங்கெல்லாம் சும்மா கூப்பிட்டாங்க அபேல்." அவள் குரல் நடுங்கவில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. "நான் மட்டும் நெசமாக் கூப்பிட்டேன்."

அவன் சிரிக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டான்.

"நெசமான்னா?"

"நெசமாத்தான். நம்ம அம்மா உனக்கு அம்மா இல்ல. எனக்குத்தான் அம்மா. உன்னப் பெத்தது நான்."

எஞ்சின் முனகல் நின்றது. யாரோ சாவியைத் திருப்பியிருக்க வேண்டும். அதன்பிறகு கேட்ட அமைதியில், ஆற்றின் இரண்டு பக்கத்துக் காற்றும் போனுக்குள் ஒன்றாக வீசியது.

"வக்கீல் சொன்னாங்க, மகன்னா மன்னிப்பு உண்டுன்னு. உன் எச்சில் வேணும், உன் பேரு கோப்புல ஏறும். அதுக்காகத்தான் சொல்றேன்னு நீ நெனைப்பே. நெனைச்சுக்கோ. நீ முடியாதுன்னாலும் நான் சொன்னது சொன்னதுதான். இனிமே திருப்பி எடுக்க மாட்டேன்."

"அக்..."

அவன் கூப்பிட வந்ததைப் பாதியில் விழுங்கினான். பத்தொன்பது வருஷமாகத் தானாக வந்த சொல் அவன் வாயிலேயே நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக வேறொன்றும் வரவில்லை.

கடைசியில் அவன் பேசியபோது குரல் சின்னப் பையனுடையதாக இருந்தது.

"மச்சானும் வண்டியிலதான் இருக்காரு. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."

வண்டியின் கதவு திறந்து சாத்தும் சத்தம் கேட்டது. ஒரு கதவா, இரண்டா? போன் அணைந்துவிட்டது.

அவள் எழுந்து நின்றாள். கீழே முற்றத்தில் எல்விரா, நாயை மிஹோ மிஹோ என்று சோற்றுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

புழுதி மெல்ல விலகத் தொடங்கியது. முதலில் மலையின் உச்சி மட்டும், அடியில்லாமல், மஞ்சளில் மிதந்தது. அப்புறம் தோள். அப்புறம் வளைவுச் சாலையின் மெல்லிய கோடு. மேற்கே சூரியன் பழுத்துத் தொங்கியது. ஒராலியா தகரத் தட்டை இரண்டு கையாலும் தலைக்குமேல் பிடித்து, வெளிச்சத்தைத் தேடித் திருப்பினாள்.

ஒன்றுமில்லை. திரும்பக் காட்டினாள். கை வலித்தது. திரும்பவும் காட்டினாள்.

வளைவில் ஒரு பொட்டு வெளிச்சம் மின்னியது. தினமும் போல விளையாட்டாக விட்டு விட்டு மின்னவில்லை. கண்ணாடியைப் பிடித்த கை அசையவே இல்லை; வெளிச்சம் அவளையே பார்த்தபடி நின்றது.

அந்தக் கை புருஷனுடையதா, பிள்ளையுடையதா என்று இவ்வளவு தூரத்திலிருந்து அவளுக்குத் தெரியவில்லை. அவள் தட்டை இறக்கவில்லை.